அண்ணாச்சிக்குக் காய்ச்சிய நாபி

செவ்வாய் கிரக ஆண்டின் நாள் 611. காலை 7.40

மேல் நிலையம். உள்ளழுத்தம் சரி. வெப்பம் 19. பேட்டரி முழுமை. வெளியே லேசான காற்று, தூசி குறைவு. தக்காளி நாற்றுகள் இரண்டாம் தொட்டிக்கு மாற்றப்பட்டன. கீரை ஒரு கூடை. மூன்றாம் விளக்கு மினுக்குகிறது, மாற்ற வேண்டும்.

தனிக்கூண்டில் நாபி என்ற விஷச்செடி பூத்துவிட்டது. முக்காடு போட்ட மாதிரி நீலப் பூக்கள். கையுறை இல்லாமல் அந்தக் கூண்டைத் திறக்கக் கூடாது.

நிலையத்தின் ஆங்கிலப் பதிவை இயந்திரமே எழுதிக்கொள்கிறது. இது நான் தமிழில் எழுதுவது. யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் பெயர் அமலோற்பவம். தாவர ஆய்வாளர். சொந்த ஊர் மணப்பாடு. செவ்வாயில் இந்த மலைமேல் நன்றாக வெயில் விழும் என்பதால் பசுமைக்கூடத்தை இங்கே கட்டினார்கள். சரிவின் அடியில், குகைக்குள், பனிக்கட்டிச் சுரங்கம். அங்கே பம்பைப் பார்த்துக்கொள்பவர் சுயம்புலிங்கம். அவர் எடுக்கும் தண்ணீர் குழாய் வழியாகச் சமவெளி முகாமுக்குப் போகிறது. முகாமில் முப்பது பேர். மலையில் நாங்கள் இரண்டு பேர், அவர் கீழே, நான் மேலே. நடுவில் ஓர் இழுவை வண்டி தானாகவே வழிகாட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். அதற்கு அவர் வைத்த பெயர் மயிலை.

அவர் ஊர் உடன்குடி. மணப்பாட்டிலிருந்து கூப்பிடு தூரம். இந்தக் கிரகத்தில் எனக்குத் தமிழ் பேச அவர் ஒருவர்தான்.

நாள் 613. மதியம் 1.15

சரக்குக் கலம் தரையிறங்கும்போது நொறுங்கிவிட்டது. ஆள் யாரும் அதில் இல்லை. மருந்துகள் இருந்தன.

முகாம் மருத்துவர் லியாங் ஷூ அனுப்பிய செய்தி (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்):

"துடிப்பு மாத்திரைகள் அத்தனையும் அந்தக் கலத்தில்தான் வந்துகொண்டிருந்தன. முகாமில் அந்த நோய் யாருக்கும் இல்லை, இருப்பும் இல்லை. சுயம்புவிடம் இருப்பது நான்கு மாத்திரை. நாளையிலிருந்து பூமிக்கும் நமக்கும் நடுவே சூரியன் வந்துவிடும். பூமியிடம் எதுவும் கேட்க முடியாது."

இங்கே பல வருடம் இருந்தவர்களில் சிலருக்கு இதயம் மெதுவாகிவிடுகிறது. எடை குறைந்த உடம்புக்கு இவ்வளவு போதும் என்று அது தானே முடிவு செய்துகொள்வது போல. மந்தத் துடிப்பு என்கிறோம். சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கும் அதுதான். மாத்திரை போட்டால் சமாளிக்கலாம். போடாவிட்டால் ஒருநாள் நின்றுவிடும்.

நாள் 614. காலை 8.05

வழக்கமான அளவீடுகள் சரி.

சுரங்கத்தோடு பேச்சு:

"அண்ணாச்சி, மாத்திரைய அரை அரையாப் போடுங்க. இல்லன்னா பம்பை நிப்பாட்டிட்டு மேல வந்திருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"பம்பை நிப்பாட்டினா குழாய் உறைஞ்சிரும் தாயி. உறைஞ்சா வெடிச்சிரும். அப்புறம் முப்பது பேரும் கீரையத்தான் பிழிஞ்சு குடிக்கணும்."

"விளையாடாதிய."

"விளையாடல. நாடி நாப்பத்தொண்ணு. தேரிக்காட்டுல மத்தியானம் நடந்து வந்த மாதிரி ஒரு அசதி. அவ்வளவுதான்."

தேரிக்காடு எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு. செவ்வாய்க்கு வந்த முதல் வாரமே அவர் வீட்டுக்கு அனுப்பிய படத்தில், "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன், சாத்தான்குளம் பஸ் ஏறினாப் போதுமே" என்று சொல்லியிருந்தார். முகாமில் எல்லோருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும் சிரித்தோம்.

நாள் 615. இரவு 8.30

லியாங்கின் செய்தி:

"உங்கள் தனிக்கூண்டில் இருக்கும் செடியைப் பற்றி யோசித்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் மலைகளில் விளைவது. பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும். நீண்ட நேரம் காய்ச்சினால் விஷம் சிதைந்துவிடும். இதயத்தை விரைவுபடுத்தும் இன்னொரு பொருள் சிதையாமல் நிற்கும். குளிர்ந்துபோன உடம்புக்கு, மெலிந்த நாடிக்கு, காலங்காலமாக அதைக் கொடுத்துவந்திருக்கிறார்கள். சரியாகக் காய்ச்சாமல் செத்தவர்களும் காலங்காலமாக உண்டு. வேறு வழி இருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அந்தச் செடியை இங்கே கொண்டுவந்தவர், மூட்டு வலி எண்ணெய்க்காக ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர். போன கப்பலில் திரும்பிவிட்டார். சீனத்தில் அதன் பெயர் ஃபூஸி. நம் சித்த மருந்துக் கடைகளில் நாபி, வச்சநாபி என்று கிடைப்பது இதன் ஒன்றுவிட்ட உறவு. மண்ணுக்கடியில் தாய்க்கிழங்கு ஒன்று, அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு பிள்ளைக்கிழங்குகள். மருந்துக்கு எடுப்பது பிள்ளையை.

இன்று ஆறு செடிகளைத் தோண்டினேன். கழுவிச் சீவினேன். இரட்டைக் கையுறை, முகமூடி. இருந்தும் சாயங்காலம் உதட்டு ஓரத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு.

நாள் 616. மாலை 5.20

இங்கே உள்ளழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் போதிய சூடு ஏறாது. அந்தச் சூட்டில் இந்த விஷம் சாகாது. அதனால் ஆய்வகத்து ஆட்டோகிளேவில் வைத்தேன். அண்ணாச்சி பாஷையில் குக்கர். விடியுமுன் வைத்தது, மதியம் இறக்கினேன்.

பகுப்பாய்வுக் கருவியில் ஒரு துளி. விஷம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. வேண்டிய பொருள் இருக்கிறது.

முதலில் நான் ஒரு மடக்கு குடித்தேன். கசப்பு. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. வேறொன்றும் இல்லை. நீல மூடி ஃபிளாஸ்கில் ஊற்றி மயிலையில் ஏற்றினேன். விடியற்காலை போய்ச் சேரும்.

நாள் 617. காலை 9.00

"தாயி, குடிச்சாச்சு. வேப்பெண்ணெயக் காய்ச்சி அனுப்பினியோ?"

"நாடி பாத்தியளா?"

"பாத்தேன். அம்பத்தி நாலு. நெஞ்சுக்குள்ள யாரோ எந்திரிச்சு உக்காந்த மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரி செல்வக்கனி கிட்ட சொன்னா நம்ப மாட்டா. விஷத்தக் குடிச்சுப் பிழைச்சிருக்கேன்னு."

நான் ஒலிவாங்கியை மூடிவிட்டு அழுதேன். பதிவுக்காக: காரணம் மகிழ்ச்சி.

நாள் 620. காலை 7.30

தூசிப் புயல். அடிவானம் பழுப்பாகி, பின் இல்லாமலே போனது. வெயிலில் கால் பங்குகூடத் தகடுகளில் விழவில்லை. பேட்டரி பாதி. மின்சாரத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது: காற்றுச் சுத்திகரிப்பு, கூடத்தின் வெப்பம், ஆட்டோகிளேவ். பகுப்பாய்வுக் கருவி நிலைக்கு வரவே பல மணி நேரம் மின்சாரம் தின்னும். அதையும் காய்ச்சுவதையும் சேர்த்து ஓட்ட முடியாது.

லியாங்கிடம் கேட்டேன்.

"காய்ச்சுவதை நிறுத்தாதீர்கள். கருவியை நிறுத்துங்கள். கருவி வருவதற்கு முன் எங்கள் ஆட்கள் நாக்கால்தான் பார்த்தார்கள். நாக்கு நுனியில் ஒரு சொட்டு. கால் மணி நேரம் பொறுங்கள். மரத்தால், குறுகுறுத்தால், விஷம் இன்னும் இருக்கிறது. துப்பிவிட்டு மறுபடி காய்ச்சுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் அனுப்புங்கள்."

இனி என் நாக்குதான் கருவி.

நாள் 623. மாலை 6.10

தினமும் ஒரு முறை காய்ச்சுகிறேன், ஒரு ஃபிளாஸ்க். ஒவ்வொரு முறையும் நடுவிலேயே இரண்டு மூன்று தடவை சுவைத்துப் பார்க்கிறேன். பாதி வெந்தது நாக்கில் ஊசியாகக் குத்தும். வெந்து முடிந்தது வெறும் கசப்பு. வித்தியாசம் இப்போது நன்றாகத் தெரிகிறது.

வானொலி இரைச்சலாக இருக்கிறது. மேட்டில் உள்ள கோபுரம் எவ்வளவு தாங்குமோ. இன்று கேட்டவரை:

"...புயல் நின்னதும் ஒருநாள் மேல வாரேன் தாயி. அந்தப் பூவப் பாக்கணும். என்னைய ஓட வைக்கிற பூவு என்ன நெறம்னாவது தெரிஞ்சிக்கிடணும்லா..."

"நீலம் அண்ணாச்சி. நல்ல ஊதா கலந்த நீலம்."

"...கேக்கல... திருப்பிச் சொல்லு..."

திருப்பிச் சொன்னேன். இரைச்சல் மட்டும் வந்தது. மாலை வரை முயன்றேன். சுரங்கமும் இல்லை, முகாமும் இல்லை. கோபுரம் விழுந்திருக்க வேண்டும்.

மயிலைக்கு வானொலி வேண்டாம். கம்பி போதும். அது போகும்.

நாள் 625. காலை 11.50

நேற்று புயல் உச்சம். வண்டியை அனுப்ப முடியவில்லை. ஒருநாள் மருந்து தவறிவிட்டது.

நேற்றிரவு வைத்ததைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே இன்று காலை மின்சாரம் அறுந்தது. ஆட்டோகிளேவ் எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியவில்லை. நான் தகடுகளைத் துடைக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து மறுபடி ஓட்டினேன். பேட்டரி அனுமதித்த வரைக்கும்.

நாக்கில் சொட்டு. கால் மணி நேரம். குத்தவில்லை, மரக்கவில்லை. ஃபிளாஸ்கை ஏற்றி அனுப்பிவிட்டேன். காற்று கொஞ்சம் குறைந்திருக்கிறது. கம்பி தெரிகிறது.

நாள் 625. மதியம் 2.25

கஞ்சி குடித்தேன். கடைசியாக இருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் வைத்தேன்.

எதுவும் தெரியவில்லை.

புளிப்பு இல்லை. உறைப்பு இல்லை. உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன். மணல் மாதிரி இருந்தது. பல்லால் நாக்கைக் கடித்தேன். வலி எங்கோ தொலைவில்.

இத்தனை நாள் அரைவேக்காட்டைச் சுவைத்துச் சுவைத்து நாக்கு செத்துவிட்டது. எப்போது செத்தது? நேற்றா, முந்தாநாளா? இன்று காலை அந்தச் சொட்டு குத்தவில்லை என்று எழுதியிருக்கிறேன். இன்று பச்சைக் கிழங்கை வைத்திருந்தாலும் குத்தியிருக்காது.

காய்ச்சுவது பாதியில் நின்ற ஃபிளாஸ்க் அவரிடம் போய்க்கொண்டிருக்கிறது. வானொலி இல்லை. நிறுத்தச் சொல்ல வழி இல்லை.

மயிலை புயலில் ஊர்ந்துதான் போகும். கம்பியைப் பிடித்து நடந்தால் எட்டிவிடலாம். ஆக்சிஜன் போவதற்குப் போதும். திரும்புவதற்கு வண்டியில் உள்ள உபரிச் சிலிண்டர் உண்டு.

கிளம்புகிறேன். திரும்பாவிட்டால்: கூடத்தின் வெப்பத்தைக் குறைக்க வேண்டாம். நாபிக் கூண்டைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

நாள் 626. காலை 6.50. மயிலையின் மேல், ஏற்றத்தில்

உடுப்பின் ஒலிப்பதிவில் சொல்கிறேன். பிறகு எழுதிச் சேர்க்கிறேன்.

வண்டியை நடுவழியில் எட்ட முடியவில்லை. நான் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது அது சுரங்க வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஃபிளாஸ்க் இன்னும் பெட்டிக்குள். அவர் எடுக்க வரவில்லை. கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தேன். பம்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து வரத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறார். கிட்டத்தில் என்பதால் உடுப்பு வானொலி வேலை செய்தது. அது பதிவாகியிருக்கிறது. அப்படியே தருகிறேன்.

"அண்ணாச்சி, நான்தான். அமலோற்பவம்."

"அடப் பாவி மவளே. இந்தக் காத்துலயா வந்த?"

"இந்த ஃபிளாஸ்க்கக் குடிச்சிராதிய. சரியா வெந்துச்சான்னு தெரியல. என் நாக்கு செத்துப் போச்சு. எனக்கு ருசி தெரியல."

"வெந்திருக்கும். நீ காய்ச்சினா வெந்திருக்கும். கொண்டா."

"இல்ல அண்ணாச்சி. நடுவுல கரண்டு போயிட்டு."

"தாயி, நான் சொல்லுதேன் கேளு. நாடி முப்பத்தி மூணு. குடிச்சாலும் ஆபத்து, குடிக்காட்டாலும் ஆபத்து. நான் குடிக்கேன். எம் பொறுப்பு."

"உங்க பொறுப்பு இல்ல. குடுக்கது நான்."

"கொஞ்சமாக் குடிச்சுப் பாக்கேன். ஒரு மடக்கு."

"வேகாததுல ஒரு மடக்கே போதும் அண்ணாச்சி."

நான் ஃபிளாஸ்கைத் திறந்தேன். என் கையில் அது இருந்தால், இன்னொரு தடவை அவர் கேட்டால், நான் மனம் மாறிக் கொடுத்துவிடுவேன் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. கண்ணாடிக்கு நேரே, அவர் பார்க்கும்படி ஊற்றினேன். இங்கத்துக் காற்றில் அது கீழே விழும்போதே கொதித்தது, கொதித்தபடியே உறைந்தது. மண்ணில் பழுப்பு நுரையாக நின்றது.

"சரி. போவட்டும் விடு. அழாத, கண்ணாடி மங்கிரும், வழி தெரியாது."

"நான் உள்ள வாரேன்."

"வராத. கதவத் தொறந்து மூட எவ்வளவு காத்துப் போவும்னு உனக்குத் தெரியும். எனக்கு இங்க இருக்கதே கொஞ்சம். மேல போ. புதுசாக் காய்ச்சு. நல்லா வேக வை. நான் எங்கயும் போவல, இங்கனதான் இருப்பேன்."

"ரெண்டு நாள் ஆவும் அண்ணாச்சி."

"இருக்கேன்."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். போ என்று. நான் வண்டியில் ஏறிச் சிலிண்டரை மாட்டிக்கொண்டேன்.

நாள் 627. காலை 8.00

மேலே வந்துவிட்டேன். தூங்கவில்லை.

பேட்டரி கால் பங்கு. முழு நேரம் காய்ச்ச இது போதாது. பசுமைக்கூடத்தின் வெப்பத்தை நிறுத்தினால் போதும். நிறுத்திவிட்டேன். என் அறையின் வெப்பத்தையும்.

வேறு யாருடைய நாக்கும் இங்கே இல்லை. ஆகவே அளவுக்கு மேல் வேக வைக்கிறேன். இருமடங்கு நேரம். மருந்து கொஞ்சம் தேயலாம், ஆனால் விஷம் இருக்காது. கருவி இல்லாமலும் உறுதியாகச் சொல்லலாம்.

கூடத்தில் இலைகள் துவண்டு கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. தக்காளி முதலில். நான்கு வருட வேலை. பார்க்காமல் ஆட்டோகிளேவின் முன்னால் உடுப்போடு உட்கார்ந்திருக்கிறேன். அறையில் சூடாக இருப்பது அது ஒன்றுதான்.

நாள் 628. காலை 7.15

இறக்கியாயிற்று. நான் அரைக் குவளை குடித்தேன். இரண்டு மணி நேரம் பொறுத்தேன். உடம்பில் எதுவும் இல்லை. நெஞ்சு துடிப்பு ஏறியது. நல்ல மருந்து.

சிவப்பு மூடி ஃபிளாஸ்கில் அனுப்பினேன். சுரங்க வாசலில் கொட்டிவிட்டுக் கொண்டுவந்த நீல மூடியை அலமாரியில் வைத்துவிட்டேன், அடியில் கொஞ்சம் உறைந்து கிடக்கிறது. கழுவத் தண்ணீரைச் செலவிட முடியாது, காய்ச்ச வேண்டும்.

கூடவே போகலாம் என்று நினைத்தேன். நான் போனால் அடுத்ததைக் காய்ச்ச ஆள் இல்லை. அவர் எடுத்துக் குடித்தால் காலி ஃபிளாஸ்க் திரும்பி வரும். அதுதான் இனி எங்கள் பேச்சு.

நாள் 629. பிற்பகல் 4.40

மயிலை வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தேன். தூக்கும்போதே தெரிந்தது. கனமாக இருந்தது.

மூடி திறக்கப்படவில்லை.

நாள் 631. காலை 9.30. சுரங்கம்

அதே வண்டியில் இறங்கி வந்தேன்.

இருந்த இடத்திலேயே இருந்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. குகையின் மறுகோடியில் குழாயில் உள்ள அடைப்பானை யாரோ கையால் திறந்து வைத்திருந்தார்கள், தண்ணீர் தேங்காமல் தானாக வடியும்படி. யாரோ என்ன, அவர்தான். ஆளில்லாமல் சில நாள் தாக்குப்பிடிக்கட்டும் என்று. எழுந்து கதவுக்கு வர முடியாதவர் அந்த அடைப்பான் வரைக்கும் தவழ்ந்து போய்த் திரும்பியிருக்க வேண்டும். முழங்காலில் எல்லாம் கிரீஸ்.

கையைப் பிடித்தேன். ஐந்து நாள் முன்பு பிடித்திருக்க வேண்டிய கை.

தமிழில் கொஞ்ச நேரம் பேசினேன். என்ன பேசினேன் என்பது பதிவுக்கு வேண்டாம்.

நாள் 636. காலை 10.10

புயல் ஓய்ந்துவிட்டது. முகாமிலிருந்து இரண்டு பேர் ஊர்தியில் வந்து கோபுரத்தை நிமிர்த்தினார்கள். சுரங்கத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அண்ணாச்சியைக் குகைக்கு வெளியே, சரிவைப் பார்த்த மாதிரி புதைத்தோம். நான்தான் இடம் சொன்னேன். செம்மண் மேடு.

தகடுகளில் முழு வெயில். பேட்டரி ஏறுகிறது. கூடத்தில் எல்லாம் கருகிக் கிடக்கிறது. நாபிக் கூண்டில் மட்டும், மண்ணுக்கடியில் கிழங்குகள் உயிரோடு இருக்கின்றன. குளிருக்குப் பழகிய மலைச்செடி.

பகுப்பாய்வுக் கருவியைப் போட்டிருக்கிறேன். நிலைக்கு வர மாலை ஆகும்.

நீல மூடி ஃபிளாஸ்க் அலமாரியில் இருக்கிறது. அடியில் உறைந்தது இருக்கிறது. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நாள் 636. மாலை 6.30

மூன்று முறை ஓட்டினேன். மூன்றும் ஒரே விடை.

நன்றாக வெந்திருந்தது.

விஷம், முதல் ஃபிளாஸ்கில் இருந்ததைவிடக் குறைவு. துடிப்பை ஏற்றும் பொருள் முழுதாக இருந்தது. என் நாக்கு செத்துப்போனது உண்மை. கஷாயம் நல்லதாக இருந்ததும் உண்மை. அவர் கேட்ட ஒரு மடக்கைக் கொடுத்திருந்தால் போதும்.

நாள் 637. காலை 8.20

லியாங்கிடம் சொன்னேன். அவரிடமிருந்து:

"அமலோற்பவம், கவனமாகக் கேளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கொட்டியிருப்பேன். தெரியாத மருந்தைக் கொடுக்கக் கூடாது. நாளைக்கும் இதே நிலை வந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன். மருத்துவ அறிக்கையில் மந்தத் துடிப்பால் மரணம் என்றுதான் எழுதுகிறேன். அது பொய்யில்லை. அந்த விடையை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவர் குடும்பத்துக்கு நான் தெரிவிக்கிறேன்."

நல்ல மனுஷி. அவர் சொல்வது எல்லாமே சரி.

குடும்பத்துக்கு நானே சொல்கிறேன் என்று பதில் அனுப்பினேன். அவர்களுக்கு ஆங்கிலம் வராது.

நாள் 639. காலை 7.05

சூரியன் விலகிவிட்டது. பூமியோடு தொடர்பு வந்தது. தேங்கிக் கிடந்த செய்திகள் இறங்கின. அண்ணாச்சியின் முகவரிக்கு வந்தவை இப்போது என் பெட்டிக்குத்தான் வருகின்றன.

ஒன்று அவர் மனைவி செல்வக்கனியிடமிருந்து. குரல் மட்டும்.

"ஏங்க, கேக்கியளா? ரெண்டு வாரமாப் பேசலைன்னா வீடு வீடாவே இல்ல. மாத்திரைய ஒழுங்காப் போடுதியளா? கெணத்து மோட்டார் மறுபடி ரிப்பேரு. அந்த மெக்கானிக் பய நாளைக்கி நாளைக்கின்னு இழுக்கான். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்த பேசி அனுப்புங்க, போட்டுக் காட்டுதேன், செவ்வாயில இருந்து ஏசினாத்தான் அவனுக்கு உறைக்கும். மவ முத்தரசிக்கு வேலைக்குப் போற எடம் நல்லா இருக்காம். மேல இருக்க அந்தத் தங்கச்சியக் கேட்டதாச் சொல்லுங்க. பாவம், தனியா இருக்கா. சரி, வச்சிருதேன். சாப்பிடுங்க."

நான்கு முறை கேட்டேன்.

நாள் 639. காலை 9.12

பேசிவிட்டேன். அனுப்பியும் விட்டேன். நகலை இங்கே வைக்கிறேன்.

"மதினி, நான் மேல் நிலையத்துல இருக்க அமலோற்பவம். பக்கத்துல முத்தரசி இருந்தா கூப்பிட்டு வச்சிக்கிட்டுக் கேளுங்க. மதினி, அண்ணாச்சி போயிட்டாவ. பத்து நாளு ஆச்சு. மாத்திரை வந்த கப்பல் ஒடைஞ்சு போச்சு. நான் ஒரு மருந்து காய்ச்சிக் குடுத்தேன். அதுல கொஞ்ச நாள் நல்லா இருந்தாவ. சிரிச்சாவ. கடைசி மருந்து கெட்டுப் போச்சுன்னு நெனச்சு அவிய கேட்டும் குடுக்காம நான் கீழ கொட்டிட்டேன். அது கெடல மதினி. நல்ல மருந்து. அத இங்க யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாவ. நான் சொல்லணும்லா. என்னைய என்ன வேணும்னாலும் கேளுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

நாள் 639. காலை 9.16

ஒளி வேகத்தில் போனாலும் இங்கிருந்து பூமிக்கு இப்போது இருபத்தொரு நிமிடம். நிறுத்த முடியாது. மயிலையின் பின்னால் ஓடிய மாதிரி இதன் பின்னால் ஓட முடியாது.

உடன்குடியில் இப்போது சாயங்காலம். வாசல் தெளித்திருப்பார்கள். அல்லது அந்த மெக்கானிக் பயல் வந்திருப்பான், கிணற்றடியில் நின்று மதினி அவனை ஏசிக்கொண்டிருப்பார்.

9.23

பாதி தூரம்.

அவருக்கு இன்னும் புருஷன் இருக்கிறார். மெக்கானிக்கை ஏச வேண்டிய, மாத்திரை போட மறக்கிற புருஷன். இந்தப் பத்து நாளும் இருந்தார். இன்னும் பத்து நிமிடம் இருப்பார்.

9.30

லியாங் சொன்ன மாதிரி விட்டிருக்கலாமோ. மந்தத் துடிப்பு என்று ஒரு வார்த்தை. முடிந்திருக்கும்.

கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். இங்கே உட்கார முடியவில்லை. மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

9.32

மதினி, ஃபோனை எடுக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் நேரம் ஏசிக்கொண்டிருங்கள். முகம் கழுவப் போங்கள். பக்கத்து வீட்டில் யாரோடாவது

9.33

சேர்ந்திருக்கும்.